முதல் விசில்

சந்திரனுக்கு முன்னால் யாரும் விசில் அடிக்கக் கூடாது. ஜீவனஹள்ளி ரசிகர் மன்றத்தில் அது எழுதாத சட்டம். திரையில் நடிகர் வேந்தன் முகம் தெரிந்ததும் செயலாளர் சந்திரன் இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைப்பார். ஒரே ஒரு நீண்ட விசில். அது ஓய்ந்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் உழைத்த நெஞ்சில் இவ்வளவு மூச்சு எங்கே மிச்சம் இருக்கிறது என்று ஆளாளுக்கு அதிசயப்படுவார்கள். விடியற்காலையில் அதே நெஞ்சு இருமுகிற இருமலில் தெருவே எழுந்துகொள்ளும் என்பது வேறு விஷயம்.

வேந்தனின் புதுப் படம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மன்றத்துக்காரர்களுக்கு மட்டும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே போட்டுக் காட்டினார்கள். வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். ஊருக்கு முன்னால் பார்க்கிறோம் என்ற மிதப்பில் இருநூறு பேரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். சந்திரனுக்கு மட்டும் அந்த மிதப்பு இல்லை.

காரணம் அவர் மகள் தர்ஷினி. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் என்பவரின் ஒலிக்கூடத்தில் அவளுக்கு மூன்று வருடமாக வேலை. இந்தப் படத்தில் வருகிற தெருச் சத்தம், ரயில் சத்தம், மழைச் சத்தம் எல்லாவற்றையும் பதிவுசெய்து கோத்தவள் அவள்தான். முந்தின நாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது தானாகவே ஆரம்பித்தாள்.

"இன்டர்வலுக்கு அப்புறம் ஒரு சீன் இருக்குப்பா. தலைவரு செத்துப்போன தம்பிய சுடுகாட்டுல எரிச்சிட்டு வந்து வாசப்படியில உக்காருவாரு. எழுபது செகண்ட். மியூசிக் கெடையாது. தெருச் சத்தம் மட்டும்தான்."

"அவ்ளோ நேரம் சும்மாவா?"

"சும்மா இல்லப்பா. அது நான் செஞ்சது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

தயாரிப்பாளருக்கு அந்த எழுபது விநாடியில் நம்பிக்கை இல்லை. ரசிகர்கள் கத்திவிடுவார்கள், இல்லையென்றால் எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்று சொல்லி, வயலின் சேர்த்து இன்னொரு வடிவமும் தயார் செய்துவைத்திருந்தார். புதன்கிழமை காட்சியில் கூட்டம் அமைதியாகப் பார்த்தால் தர்ஷினியுடையது. சலசலத்தால் வயலின். இயக்குநரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்.

"இதுக்கா மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு இருக்கே? நான் விரல வாயில வெக்கலன்னா ஒருத்தனும் மூச்சு விடமாட்டான்."

"அதான் வேணாங்கிறேன். நீ அடக்கி அவங்க அடங்குனா அது உனக்குக் குடுத்த மரியாதை. என் வேலைக்கு என்ன குடுத்தாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினார். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. அவர் விசில் அடித்தால் மகளின் உழைப்பு போச்சு. அடிக்காமல் உட்கார்ந்தால் அவருக்குப் பயந்து மற்றவர்களும் உட்காருவார்கள்; அந்த அமைதியை அவள் தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளமாட்டாள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நடுவில் அவருடைய இரண்டு விரல்கள் நின்றன. முப்பது வருடப் பெருமை அது. அன்றுதான் முதல் தடவையாக அது கனத்தது.

முதல் பாதி வழக்கம்போலப் போனது. தண்டவாளத்தில் சம்மட்டியோடு வேந்தன் நிமிர்ந்தபோது சந்திரன் விசிலடித்தார். காகிதம் பறந்தது, கூரை அதிர்ந்தது. இடைவேளையில் எல்லோரும் சமோசாவோடு நிற்கையில் அவர் முனிராஜைத் தேடிப் போனார். முனிராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். மன்றத்திலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். தூங்கும்போதுகூடக் கத்துவான் என்று அவன் மனைவியே சொல்லுவாள்.

"முனிராஜ், செகண்ட் ஆஃப்ல முதல் விசில் உன்னுது."

அவன் வாயிலிருந்த சமோசா அப்படியே நின்றது. "ஏன் குரு, பல்லு கில்லு ஆடுதா?"

"அடிக்கிறியா, வேற ஆளப் பாக்கவா?"

"ஐயோ, வுடுவேனா! எந்த சீனுக்கு?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க அடி. தோணலன்னா அடிக்காதே. என் மூஞ்சியத் திரும்பிப் பாக்கற வேலை மட்டும் வேணாம்."

முனிராஜ் தன் இரண்டு விரலையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். சந்திரன் அவனுக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இனி நடப்பது நடக்கட்டும். பின்சுவர் ஓரம் தயாரிப்பாளரும் ஓஸ்வால்டும் நின்றார்கள். தர்ஷினி தூணை ஒட்டி நின்றாள்.

அந்தக் காட்சி வந்தது. ஈரத் தலையோடு வேந்தன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் செத்துப்போன தம்பியின் செருப்பு. முனிராஜின் விரல்கள் உதட்டுக்குப் போவது பின்னாலிருந்து தெரிந்தது. சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியதால் காது திறந்தது. தூரத்தில் ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக. பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் சொட்டியது. யாரோ வாசல் பெருக்கினார்கள். அவருக்குத் தெரிந்த ரயில், தெரிந்த துடைப்பம். போன தை மாதம் விடிவதற்கு முன்னால் தர்ஷினி மொட்டைமாடியில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றதும், என்னடி என்று கேட்டதற்கு ரயிலைப் பிடிக்கிறேன் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

அப்போது யாரோ இருமினார்கள். சின்னதாக மூன்று, பெரிதாக ஒன்று, கடைசியில் ஒரு கனைப்பு.

முனிராஜ் வெடுக்கென்று திரும்பினான். "ஷ்ஷ்! இருமாதே குரு!"

சந்திரன் இருமவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. கண்ணைத் திறந்து, தன் விடியற்கால இருமல் வந்த திரையைப் பார்த்தார். இருமல் வந்த பக்கமாக வேந்தன் மெல்லத் தலையைத் திருப்பினார். பக்கத்து வீட்டில் ஒரு மனிதன் விழித்திருக்கிறான் என்பது அவருக்கு எட்டியது. அவ்வளவு நேரம் கல்லாக இருந்த முகம் அதற்கப்புறம்தான் உடைந்தது. ரயில் கடைசிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருநூறு பேர் இருந்த இடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. முனிராஜின் கை உதட்டிலிருந்து இறங்கி எப்போதோ மடிக்கு வந்திருந்தது.

அப்புறம் சண்டை வந்தது, மழை வந்தது. உச்சக்கட்டத்தில்தான் முனிராஜுக்குத் தோன்றியது. அடித்தான். எச்சில் தெறித்த, பாதியில் உடைந்த விசில். கூட்டம் அதற்கே எழுந்து நின்று ஆடியது.

வெளியே படிக்கட்டில் தயாரிப்பாளர் முனிராஜை நிறுத்தினார்.

"அந்த வாசப்படி சீன்ல ஏம்ப்பா அமைதியாயிட்டீங்க? போரடிச்சதா?"

"சார், சாவு வூட்டுல எவனாவது விசிலடிப்பானா? சக்கத்தா, சூப்பரா இருந்துச்சு. எங்க தெருவுலயே உக்காந்த மாதிரி." முனிராஜ் சந்திரனைக் கை காட்டினான். "இதோ இந்தப் பெரிய மனுஷன்தான் நடுவுல இருமிக் கெடுத்தாரு."

ஓஸ்வால்ட் சிரித்துவிட்டு மோவாயைத் தடவிக்கொண்டார். தயாரிப்பாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"வயலின் வேணாம் ஓஸ்வால்ட். பொண்ணோடதே போகட்டும்."

தர்ஷினி படியிறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். உறையைக் கிழித்துப் போனை எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். இத்தனை வருடமாக வேந்தனைப் பார்த்து விசிலடித்த ஆளை, இன்றைக்கு வேந்தன் திரும்பிப் பார்த்திருக்கிறார். அதைச் செய்தவள் தோள் உரச நிற்கிறாள். சந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், அதே கனைப்பு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

முனிராஜ் விடவில்லை. "என்ன குரு, வெள்ளிக்கிழமையாவது ஒரு மிட்டாய வாயில போட்டுக்கினு வருவியா?"

"வெள்ளிக்கிழமையும் இருமுவேன்டா," என்றார் சந்திரன். "மெட்ராஸ், மதுரை, மைசூர், எங்கெல்லாம் படம் ஓடுதோ அங்கெல்லாம் இருமுவேன். போய்க் கேளு."