மஞ்சள் விளக்கை மறைத்த பெட்டி

வாருங்கள், பெருமக்களே! சைதாப்பேட்டைச் சந்துக்குள் திறந்து கிடக்கும் இந்தக் காரின் வயிற்றைப் பாருங்கள். எஞ்சினுக்கும் அதை ஆளும் கணினிக்கும் நடுவே சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி குந்தியிருக்கிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் “பெட்ரோல் போதவில்லை” என்று முறையிட்டால், பெட்டி அதை வழிமறித்து “எல்லாம் நலம்” என்று திரித்துச் சொல்லும். கணினியும் அதை நம்பிக் குறைவாகவே ஊற்றும். இந்தப் பொய்க்கு மைலேஜ் பெட்டி என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்!

கார் குல்சுமுடையது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. பெட்டியை மாட்டியவன் வேற்றாள் அல்லன். பட்டறை வைத்திருக்கும் தம்பி ஹம்மாத். அக்காவுக்குப் பெருநாள் அன்பளிப்பு என்று தன் கையாலேயே மாட்டினான். அன்பில் கள்ளமில்லை, பெட்டியில்தான் கள்ளம்.

சில நாள்களாகக் கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் கார் விக்கியது, சூடும் ஏறியது. எஞ்சின் போனால் பிழைப்பும் போகுமே என்று குல்சும் பட்டறைக்கு ஓடிவந்தாள். ரகுபதி என்ற வாடிக்கையாளர் தம் காருக்கும் அதே பெட்டியை மாட்ட அங்கே காத்திருந்தார்.

ஹம்மாத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். “ஒரு கோளாறும் காட்டலக்கா. வண்டி சூப்பரா கீது. நீதான் கிளட்ச் மேல காலை வெச்சிக்கினே ஓட்டற.”

“டேய், பாலத்துல பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே என் காது செவிடாப் பூடுச்சு. சூப்பராம்! உன் மிஷினு யாரக் கேட்டு சொல்லுது?”

“கம்ப்யூட்டர.”

“கம்ப்யூட்டரு யாரக் கேக்குது?”

“பெட்டியத்தான்.”

“அப்ப திருடனும் அதுதான், சாட்சியும் அதுதானா? கழட்றா!”

ரகுபதி சிரித்துவிட்டார்.

பெட்டியைக் கழற்றிவிட்டு அக்காவும் தம்பியும் கோட்டூர்புரம் வரை போய்த் திரும்பினார்கள். மறுபடியும் ஒரு சுற்றுப் போனபோது, மீட்டரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கணினிக்கு உண்மை எட்டிவிட்டது. தேடிப் பார்த்தால், எஞ்சினுக்குப் போகும் காற்றுக்குழாயில் நகமளவு கிழிசல்! அதன் வழியே காற்று கூடுதலாகப் புகுந்ததால்தான் பெட்ரோல் போதாமல் போயிருக்கிறது. பெட்டி நடுவில் இல்லாதிருந்தால் அந்த விளக்கு என்றைக்கோ எரிந்திருக்கும்.

ஹம்மாத் புதுக் குழாயை மாட்டினான். கார் மேம்பாலத்தில் விக்காமல் ஏறி இறங்கியது. குல்சுமுக்கு மூச்சு வந்தது.

“நல்லவேளக்கா, அந்தச் சூட்டுல எஞ்சின் வால்வு கருகல.”

“எனக்குக் கருகல. நீ மாட்டிவுட்ட மத்தவங்களுக்கு?”

தம்பி தலைகுனிந்தான். பிறகு ரகுபதியிடம், “உங்களுக்கு இது வேணாம் சார்” என்றான்.

“வேணாம்னுதான் நைனா நான் சாவியத் திரும்ப எடுத்துக்கினேன்!”

ஹம்மாத் கைப்பேசியை எடுத்து, முன்பு பெட்டி மாட்டிக்கொண்டு போன ஒருவரை அழைத்தான். “அண்ணே, வண்டிய எடுத்துக்கினு வாங்க. ஒண்ணு கழட்டணும்...”

ஹம்மாத் அழைத்துவிட்டான். அழைக்காத பட்டறைகள் ஊரெல்லாம் உண்டு. ஆகவே இன்றே உங்கள் காரைத் திறந்து பாருங்கள். அந்தப் பெட்டி இருந்தால், மாட்டியவரையே அழைத்துக் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் எரியட்டும். அதன் வாயைக் கட்ட எவரையும் விடாதீர்கள்!