வயிற்றெரிச்சல் வெந்நீர் விடுதி

செண்பகத்துக்கு வயிறு எரிந்த அன்றைக்குத்தான் தேர்வாய் கண்டிகைக்கு மேற்கே கூழாங்குன்றின் இடுப்பில் வெந்நீர் ஊற்றெடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, தை மாதம். கொழுந்தன் தேசப்பனைக் கட்டிக்கொண்டு ஓரகத்தியாக வந்த சின்னப்பொண்ணு, அந்த வீட்டில் முதன்முதலாக அடுப்பு மூட்டி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். செண்பகத்தின் புருஷன் வரதன் ஒரு கவளத்தை வாயில் போட்டுவிட்டு, "கொழம்புன்னா இதான்யா கொழம்பு!" என்றான். ஐந்து வருஷமாக அவனுக்குச் சோறாக்கிப் போட்டவளுக்கு அதில் பாதி வார்த்தைகூடக் கிடைத்ததில்லை. தண்ணீர்ச் செம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, வீட்டுக்குப் பின்னால் குன்றில் வெள்ளைப் புகை எழும்பியது. ஆடு மேய்த்தவர்கள் ஓடிவந்து, பாறைக்குள்ளிருந்து தண்ணீர் கொதித்துக்கொண்டு வருகிறது என்றார்கள். அந்த வருஷம் வேர்க்கடலை விளைச்சல் சுமார்.

கூழாங்குன்று பெரிய மலையல்ல. மேகமெல்லாம் வடமேற்கே நாகலாபுரத்து மலைகளின்மேல் போய் இறங்கும். இதன் தலையில் தூறலோடு சரி. குன்றுக்கே அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு என்று ஊரில் பேச்சு. புகையைக் கேள்விப்பட்டு மெட்ராஸிலிருந்து துளசிராமன் என்ற பாறை ஆராய்ச்சிக்காரர் சுத்தியலோடு வந்தார். மேலே இருப்பது ஏதோ ஒரு காலத்து ஆறு உருட்டி வந்து கொட்டிய கூழாங்கல், மண்ணோடு இறுகிப் பாறையாகிவிட்டது. அதற்குக் கீழே வெளிறிய களிமண் பாறை, அதற்குள் புத்தகத்தில் வைத்த இலைபோலப் பழங்காலச் செடிகளின் அச்சு. எல்லாவற்றுக்கும் அடியில் பூமி பிறந்த நாளிலிருந்து அசையாத கருங்கல். எரிமலை நெருப்பு இந்தப் பக்கம் கிடையாது, ஆகவே இங்கே வெந்நீர் வருவதற்கு வழியே இல்லை என்று விளக்கினார். பிறகு அதே வெந்நீரில் கால் கழுவிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறப் போனார்.

விடுதி வந்தது ஒரு வார்த்தைப் பிசகால். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் அப்துல் வாஹித் பாய்க்கு எது தின்றாலும் வயிற்றிலிருந்து நெஞ்சுவரை எரியும். ஒரு நாள் மத்தியானம் அவர் குன்றைப் பார்த்துவிட்டு, "அது இன்னா தண்ணி, தங்கச்சி?" என்று செண்பகத்தைக் கேட்டார். உள்ளே வரதன் சின்னப்பொண்ணு கையால் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டிருந்த நேரம். செண்பகம் திரும்பிக்கூடப் பாராமல், "எல்லாம் வயித்தெரிச்சத் தண்ணி, பாய்" என்றாள். பாய் அதை வயிற்றெரிச்சலுக்கான தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். கை நிறைய அள்ளிக் குடித்தார், கழுத்துவரை முங்கினார், ராத்திரி வீட்டில் பயமில்லாமல் பிரியாணி சாப்பிட்டார். வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரமே பழவேற்காட்டில் பாதிப்பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், அதற்கடுத்து மெட்ராஸ்காரர்கள். பாய் ஓலைக் கொட்டகை போட்டார், கருங்கல் தொட்டி கட்டினார், பெண்களுக்குத் தனி மறைப்பு வைத்தார், பிறகு ஓட்டு வீடுகள் எழுந்தன. வரதனும் தேசப்பனும் கூலி வேலையை விட்டார்கள். ஓரகத்திகள் இருவரும் விருந்தாளிகளுக்குச் சமைத்தார்கள். வாசலில் பெரிய எழுத்தில் பலகை தொங்கியது: வயிற்றெரிச்சல் வெந்நீர் விடுதி. அதன் அடியில் நின்று செண்பகம் தினமும் வாசல் பெருக்கினாள்.

ஐம்பத்து நாலில், ஒரு வேலையாகத் திருவள்ளூர் போன வரதன் ஏதோ நினைப்பில் பெண்டாட்டிக்குக் கனகாம்பரம் வாங்கி வந்துவிட்டான். அவள் தலையில் வைத்துக்கொண்ட சற்று நேரத்தில் தொட்டித் தண்ணீர் எருமை கிடக்கிற குட்டைபோல ஆறிப்போனது. துண்டைப் போர்த்திக்கொண்டு விருந்தாளிகள் வெடவெடத்து நின்றார்கள். வாழ்நாளெல்லாம் வியாபாரம் பார்த்த பாய் தொட்டியைப் பார்த்தார், செண்பகத்தின் கொண்டையைப் பார்த்தார், வரதனைத் தனியே கூப்பிட்டார்.

"வரதா, ஒண்ணு ஊட்டுக்காரி குளிரணும், இல்ல தொட்டி கொதிக்கணும். ரெண்டும் நடக்காதுப்பா."

"இன்னா பாய், பேஜாரா பூட்சே!"

"பேஜாரு உனுக்கு. வந்துகீறவங்களுக்கு ஜன்னி."

அன்றிலிருந்து வரதன் சின்னப்பொண்ணின் குழம்பைப் புகழ்ந்தான், கோலத்தைப் புகழ்ந்தான், அவள் குடம் தூக்குகிற அழகைக்கூடத் தம்பியை வைத்துக்கொண்டே புகழ்ந்தான். தேசப்பன் பெருமையாகச் சிரித்தான். பாய் சொன்னது முழுவதையும் செண்பகம் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள். எல்லாம் பொய் என்று மனசு சொல்லும். அந்தப் பொய்யையாவது எனக்குச் சொன்னானா என்று வயிறு கேட்கும். வயிறு சொன்னபடிதான் குன்று கேட்டது.

அவள் கேட்டதெல்லாம் ஒரு வார்த்தைதான். சோறு போட்டுவிட்டு எதிரே உட்காருவாள்.

"யோவ், எங்கொழம்பு எப்டி கீது?"

வரதன் குன்றைப் பார்ப்பான். தொட்டியில் முங்கிக் கிடக்கிறவர்களை, வண்டிக்காரர்களை, தண்ணீர் இறைக்கிறவர்களை, அவர்கள் பிள்ளைகளை நினைப்பான்.

"கீது."

"கீதுன்னா?"

"கீதுன்னா கீது."

அந்த நாட்களில் தண்ணீர் முட்டை வேகிற சூட்டுக்குப் போகும். விருந்தாளிகள் துணியில் முடிந்து முட்டை வேகவைத்துத் தின்றார்கள். இப்படியே வருஷங்கள் போயின. செண்பகம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். விடுதிக்கு நல்ல பேர்.

ஐம்பத்தெட்டு ஆடியில் ஊற்றுவாய் அடைத்துக்கொண்டது. பொழுது விடிந்ததிலிருந்து கல் பெயர்த்து அடைப்பை எடுத்துவிட்டு, உச்சி வெயிலில் வரதன் வந்து உட்கார்ந்தான். செண்பகம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி நடந்தாள். பசியில் அவனுக்குக் குன்று ஞாபகம் இல்லை, பாய் ஞாபகம் இல்லை.

"செண்பகம், உன் கைப்பக்குவம் ஒருத்திக்கும் வராதும்மே. அவ கொழம்பு மொத நாளே உப்பு கரிச்சுது. புதுப்பொண்ணு, அழுதுடப் போறாளேன்னு நல்லாகீதுன்னு சொல்லிவெச்சேன். அதையே சொல்லிக்கினு இருக்கவேண்டியதாப் பூட்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, களி ஒட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டான். செண்பகம் நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தொட்டியிலிருந்து ஒரு பெரியவர், "ஐயையோ, ஐஸாட்டம் இருக்கே!" என்று அலறினார். பாய் ஓடிவந்தார்.

"அடப்பாவி, இன்னாத்தச் சொல்லித் தொலைச்சே?"

"நெசத்த, பாய்."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். அப்போது சமையல்கட்டில் ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது. வாசற்படியில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்திருந்தது. குன்றின் கிழக்குச் சரிவில், சொட்டு ஈரம் இல்லாத இடத்தில், பாறை வெடித்துப் புகை கிளம்பியது.

புதுத் தண்ணீர் பழையதைவிடச் சூடு. வாயில் வைத்தால் லேசாக உப்பு. துளசிராமன் மறுபடி வந்து நாக்கில் தொட்டுப் பார்த்து, முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் கொட்டகைகளைப் பிரித்துக் கிழக்கே கட்டினார். உப்பு, மூட்டுவலிக்கு நல்லது என்று புதிதாக ஒரு கூட்டம் வந்தது. வரதன் இப்போது பயமில்லாமல் தினமும் செண்பகத்தின் சமையலைப் புகழ்ந்தான். வியாபாரத்துக்கா, நிஜமாகவா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் வந்த ஒன்று போதும் என்று இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கிழக்குத் தொட்டியில் கழுத்துவரை இறங்கினாள். சின்னப்பொண்ணு சீயக்காய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள்.

"முதுகு கொஞ்சம் தேச்சி வுடேன்டி" என்றாள் செண்பகம்.

"எரியற நெருப்புல எண்ணெய ஊத்தாதக்கா."

சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு சின்னப்பொண்ணு உள்ளே இறங்கினாள். தேவைக்குச் சற்று அதிகமாகவே அழுத்தித் தேய்த்தாள். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு, "அவருக்கு இன்னிக்கி கீரக்கடைசல் வேணுமாம்" என்றாள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடேறியது. மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சுகமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.