முதல் இருக்கைப் பயணி

புகார் தொலைபேசியில் வந்தது. பதினான்காம் எண் பேருந்தின் காலை ஓட்டுநர், முன் கதவை ஒட்டிய முதல் இருக்கையில் வரும் ஒரு பெண்ணைக் கண்ணாடியில் அடிக்கடி பார்க்கிறான். அவள் தூங்கும்போதும் பார்க்கிறான். தினமும் இதே கதைதான், பெண்கள் எதை நம்பி ஏறுவது என்று ஒரு பயணி கேட்டிருந்தார்.

டிப்போ மேனேஜர் ஓட்டுநரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நீண்ட சர்வீசில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாத ஆள் அவன். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பஞ்சு. அவன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். யார் எங்கே அழுத்தினாலும் அமுங்கிக்கொடுப்பான் என்பது இன்னொன்று.

"யாருப்பா அந்தப் பொம்பளை?"

பஞ்சு கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் வீட்டுக்காரி சார்."

மேனேஜர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்ததற்குப் புகார் வாங்கிய ஒரே ஆள் நீதான் என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். பெண்டாட்டியோ யாரோ, மேலிடம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது தான்தானே, இனிமேல் அந்த அம்மா வேறு வண்டியில் போகட்டும் என்றார். பஞ்சு சரி என்றான்.

அந்தச் சரியோடு அன்று மாலை வீட்டுக்குப் போனான்.

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்தாள். விடிவதற்கு முன் அவன் கிளம்பிவிடுவான். விடிந்த பிறகு அவள் வருவாள். அவன் திரும்பும்போது அவள் தலை சீவிக்கொண்டிருப்பாள். விடுமுறை நாட்களும் ஒத்துவரவில்லை. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய துண்டுச் சீட்டுகளில்தான் குடும்பம் நடந்தது. பால் இருக்கிறது, குழாய்க்காரன் வருவான், உன் அக்கா பேசினாள். சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் நிற்பார்கள். மூலையும் மூலையும் சேர எதிரும் புதிருமாக நடந்து வருவார்கள். வீட்டுப் போர்வையை அவள் தாடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றை ஆளாக மடித்தாள். எங்கள் வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை என்று கூட வேலை செய்கிறவளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் ஒரு காலையில் அவளுடைய வழக்கமான பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. கையைக் காட்டி ஏறிய பதினான்காம் எண் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் அவன் இருந்தான். "வணக்கம் டிரைவர் சார்" என்று சொல்லி முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். சந்தை நிறுத்தத்தில் அவள் இறங்கியிருக்க வேண்டும். அவன் எழுப்பவில்லை.

கண் விழித்தபோது வண்டி கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றது. இன்ஜின் ஓசை இல்லை. பக்கத்து வரிசையில் அவன் இரண்டு கைகளிலும் காகிதக் கோப்பையோடு உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று பிறகு இரண்டு பேருக்குமே நினைவில்லை. ஒன்றும் பேசாமலும் இருந்திருக்கலாம்.

மறுநாள் அவள் தன் பேருந்தைப் போகவிட்டு, பதினான்குக்காகக் காத்திருந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. போகும்போது தூக்கம், கடைசி நிறுத்தத்தில் தேநீர், திரும்பும்போது சந்தையில் இறக்கம். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், எதற்கு இந்த அலைச்சல், இடைவேளையில் வீடியோவில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்டாள்.

"பேசறதுக்குப் போன் போதும்டி. எனக்கு அவர் பக்கத்துல தூங்கணும்."

மகள் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

இதையெல்லாம்தான் பஞ்சு ஒரு சரியில் விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். அவள் ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் கூப்பிட்டதைச் சொன்னான். சிரிப்பு வரும்படி சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவும் செய்தாள். கடைசியில், நாளையிலிருந்து நீ வேறு வண்டியில் வந்துவிடு என்றான்.

அவள் பின்னைக் கையில் எடுத்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"சொல்லுவீங்க. மேனேஜருக்குச் சரி, எங்கண்ணனுக்குச் சரி, மேல் வீட்டுக்காரனுக்குச் சரி. எனக்கு மட்டும் 'பாக்கலாம்'."

மெமோ கொடுத்தால் அது கடைசிவரை கோப்பில் கிடக்கும் என்றான். ரூட்டை மாற்றிவிடுவார்கள் என்றான். இத்தனை வருடமும் உனக்காகவும் பிள்ளைக்காகவும்தானே ஓட்டினேன் என்று கேட்டான். அவன் பொய் சொல்லவில்லை. அவளும் அதை மறுக்கவில்லை.

"எனக்காக உழைக்கறீங்க. தெரியும். ஊரே சொல்லுது, உன் புருஷன் தங்கம்னு. தங்கத்த லாக்கர்லயா வெச்சுப் பாக்கறது? எனக்காக இன்னொண்ணு செய்யுங்க. இருங்க. அவ்ளோதான்."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாஸ் எடுத்துத்தான் ஏறுகிறேன், சத்தம் போடுவதில்லை, யார் இடத்தையும் பிடுங்குவதில்லை, தூங்குவது எந்த ஊரில் குற்றம் என்று கேட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் அதே ஸ்டாப்புலதான் நிப்பேன். கதவத் தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்."

காலையில் மழை. டிப்போவிலேயே ஒரு பரிசோதகர் வண்டியில் ஏறிக்கொண்டார். மேனேஜர் அனுப்பியிருந்தார். எதையும் அளந்து பார்க்கிற, நின்றாலும் நேர்க்கோடாகவே நிற்கிற அவருக்கு ஸ்கேல் என்று பெயர். ஏறியதும் முதல் வேலையாக ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பினார். அதுவரை அதில் நடு வாசலும் முதல் இருக்கையும் சேர்ந்தே தெரியும். இப்போது வாசல் மட்டும் தெரிந்தது. பஞ்சு வண்டியைக் கிளப்பினான்.

சலவைக்கூட நிறுத்தத்தில், கம்பி ஒடிந்த குடையோடு அவள் நின்றாள். கூட மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்காகக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆகவே அவன் திறந்ததைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அவள் பாஸைக் காட்டிவிட்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். அன்று தூங்கவில்லை. காவலுக்கு வந்தவள் போலக் கண்ணை விழித்து உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேல் குனிந்து, வேறு வண்டியில் போயிருக்கலாமே அம்மா என்றார். ஓட்டுநரின் மனைவி அவர் வண்டியில் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் நேர்மையான ஆள். யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

சந்தைக்கு முன்னால் பஞ்சு சடாரென்று பிரேக் போட்டான். யாருடைய பையோ உருண்டது. அவன் வண்டியில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

கடைசி நிறுத்தம் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். இப்போது ஸ்கேலுக்கு ஒரு விதி கிடைத்தது. கடைசி நிறுத்தத்தில் பயணிகள் அனைவரும் இறங்க வேண்டும், வண்டி கிளம்பும்போதுதான் மறுபடி ஏறலாம். விதி உண்மையானதுதான். அதை யாரும் அமல்படுத்தியதில்லை. அவள் வாதாடவில்லை. இறங்கிப்போய் மழையில் குடையை விரித்தாள். ஒடிந்த கம்பிப் பக்கம் துணி தொங்கி, தோளில் தண்ணீர் ஒழுகியது.

பஞ்சு இன்ஜினை அணைத்தான். முன்பக்கக் கண்ணாடி வழியே, வெளியே நின்ற அவளைப் பார்த்தான். அவள் இவன் பக்கம் திரும்பவில்லை.

"நீ உக்காருப்பா, எதுக்கு நனையற? அஞ்சு நிமிஷத்துல கிளம்பப்போற" என்றார் ஸ்கேல். அதில் பகை ஏதும் இல்லை, அக்கறைதான் இருந்தது. சரி என்று சொல்வதற்கு மிகவும் வசதியான நேரம் அது.

பஞ்சு எழுந்தான். கையை உயர்த்திக் கண்ணாடியைப் பழைய கோணத்துக்கே திருப்பினான்.

"அதத் தொடாத."

"இதுல கதவும் தெரியும் சார். எப்பவும் தெரிஞ்சுதான் இருந்துச்சு." சாவியை உருவினான். "இறங்குங்க சார், பூட்டணும்."

"நான் பாசஞ்சர் இல்லப்பா."

"டிரைவர் இறங்கினா வண்டில யாருமே இருக்கக் கூடாது. அதுவும் விதிதான் சார்."

ஸ்கேல் அவனைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். விதியை மதிக்கிற மனிதர் என்பதால் இறங்கினார். இறங்கி, தேநீர்க் கடையின் தகரக் கூரையை நோக்கி ஓடினார். நேர்க்கோடாக இல்லாமல் அவர் ஓடியதை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

பஞ்சு பூட்டிவிட்டுக் குடைக்குள் வந்து, ஒடிந்த பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் சட்டையின் ஒரு கை முழுக்க நனைந்தது.

"மெமோ வரும்" என்றான் கடைசியில்.

"வரட்டும். பிரிட்ஜ்ல ஒரு காந்தம் சும்மாதான் கிடக்கு."

அவன் சிரித்தான்.

நேரமானதும் ஸ்கேல் தலையைத் துவட்டியபடி வந்தார். எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுப்பேன் என்றார். எச்சரித்தும் அதே பெண் வண்டியில் வந்தாள், ஓட்டுநர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவேன் என்றார்.

"எழுதுங்க சார்" என்றான் பஞ்சு. குரல் உயரவில்லை. "ஆனா 'அதே பெண்'னு எழுதாதீங்க. என் மனைவின்னு எழுதுங்க. நாளைக்கும் வருவாங்கன்னு எழுதுங்க. ரூட்ட மாத்தினா அந்த ரூட்லயும் வருவாங்க. நான் கதவத் தொறப்பேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அதைக் கவனிக்காதவன் போல முன் கதவைத் திறந்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் அவளை ஏறச் சொன்னான். அவள் பாஸைக் காட்டி, முதல் இருக்கையில் உட்கார்ந்து, ஈரக் குடையைக் காலடியில் வைத்து, ஜன்னலில் தலையைச் சாய்த்தாள்.

வண்டி கிளம்பியது அவளுக்குத் தெரியாது. சந்தை நிறுத்தத்தில் வண்டி நின்றதும் தெரியவில்லை. அவன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். எழுப்பவில்லை.