ஏழு நாளில் முடிந்த பேரம்

மூன்று உயிர்களின் விலை வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய், உறைபெட்டி வாடகையாக. அவை உயிர்தானா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அதைத் தீர்மானிக்கத்தான் 2004 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, லிங்கராஜபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என்னை ஒரு ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழுவுக்கு அழைத்திருந்தார்கள். விதிப்படி குழுவில் சாதாரண ஆள் ஒருவர் வேண்டுமாம். சாதாரணமாக இருப்பதற்கு ஐநூறு ரூபாய், கவரில்.

குழந்தை வேண்டி வந்தவர்களுக்குச் சோதனைக்குழாயில் கரு உண்டாக்கி, மிஞ்சியவற்றை அங்கே உறையவைத்திருந்தார்கள். இரண்டு வருடம் வாடகை பாக்கி வைத்தவர்களின் கருக்களை ஸ்டெம் செல் ஆய்வுக்குக் கொடுத்துவிடலாம் என்பது டாக்டர் இளங்கோவனின் மனு. அந்தப் பட்டியலில் ஒரே பெயர்: யசோதா, பீன்யாவில் கார்மென்ட் தையல்காரி, கரு மூன்று. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட விதியில் இடமில்லை.

"கரு உண்டான நிமிஷத்துலருந்து அது மனுஷன். தொடக்கூடாது," என்றார் ஃபாதர் ஓஸ்வால்ட்.

"பதினாலு நாள் வரைக்கும் வெறும் செல் உருண்டை, ஃபாதர். ஊசிமுனை அளவு," என்றார் டாக்டர்.

"நீங்களும் அந்த ஊசிமுனையிலருந்து வந்தவர்தான்."

"வந்தேன். அப்ப என்னை யாரும் கமிட்டியில போடலையே."

இப்படியே இரண்டு மணி நேரம். மசால்வடை தீர்ந்துவிட்டது. எனக்குக் கடையில் பழைய பித்தளை எடை போட ஆள் இல்லை. அண்டாவுக்கு நாங்கள் சொல்லும் விலையும் வாங்க வந்தவர் கேட்கும் விலையும் எட்டி நின்றால், இரண்டையும் கூட்டிப் பாதியில் உடைப்பது அப்பா காலத்து வழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"ஃபாதர் சைபர்ல நிக்கிறார், டாக்டர் பதினாலுல நிக்கிறார். ஏழுல முடிச்சுக்குங்க. எட்டாம் நாள்லருந்து மனுஷன்."

ஏழு நாளையாவது மீட்டுவிட்ட திருப்தியில், ஓரத்தில் ஆட்சேபம் ஒன்று எழுதிவிட்டு ஃபாதர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆனால் அவசரமாகப் போட்டார். எங்கள் தொழிலில் அப்படிக் கையெழுத்துப் போடுகிறவன் லாபம் பார்த்தவன். அது எனக்கு வராந்தாவில்தான் உறைத்தது.

"தேங்க்ஸ் மதலைமுத்து சார்," என்று டாக்டர் தோளில் கைபோட்டார். "செல் எடுக்கிறது அஞ்சாம் நாள் கருவுல. எங்களுக்கு அஞ்சே போதும்."

"அப்ப பதினாலு?"

"சொல்றதுதான். நீங்க அண்டாவுக்கு ஏத்திச் சொல்ல மாட்டீங்களா?"

யசோதா எழுந்து வந்தாள். "என்னண்ணா முடிவாச்சு?"

"ஏழு நாள்மா."

"என்னுது ரெண்டு வருஷமா ஐஸ்ல இருக்கே. அத எப்படி எண்ணுனீங்க?"

"ஐஸ்ல நாள் ஓடாதும்மா. அஞ்சாம் நாள்லயே நிக்குது," என்றார் டாக்டர்.

"வாடகை மட்டும் ஓடுதா சார்?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். "போன தடவை ரெண்டு வச்சாங்கண்ணா, தங்கல. நகை பூரா அதுக்கே போச்சு. இனிமே புதுசா உண்டாக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல, இந்த மூணுதான். நாலாயிரம் கொண்டாந்திருக்கேன். மீதிய போனஸ் வந்ததும் கட்டிடறேன்."

"டாக்டர், மொத்தம் பன்னெண்டு. எட்டுக்கு அட்ஜஸ்ட் மாடிக்குங்க," என்றேன், கடையில் பேசும் பாதிக் கன்னடத்தில்.

"சாரி சார். ஃபிக்ஸட் ரேட். திங்கக்கிழமை லேப் வண்டி வருது."

மனிதன் எப்போது தொடங்குகிறான் என்பதில் ஏழு நாள் விட்டுக்கொடுத்தவர், வாடகையில் ஏழு ரூபாய் இறங்கவில்லை. நான் கவுன்ட்டருக்குப் போய்க் கவரைப் பிரித்தேன். மீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கடை விலாசத்தைக் கொடுத்தேன். ரசீது இப்படி வந்தது:

வாடகை, இரண்டு வருடம்: 12,000. யசோதா கட்டியது: 4,000. மதலைமுத்து கட்டியது: 500. பாக்கி: 7,500, மதலைமுத்து பேரில், சனிக்கிழமைக்குள்.