ஆறு மணிக்குள் சாப்பிடும் பாம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்கியமாகக் கிடைத்தது. எண்பத்தாறில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில். முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"எங்க வூட்ல பாம்புகூட ஆறு மணிக்குள்ள சாப்ட்டுடணும்."

அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. விழுப்புரம் வரை பேசிக்கொண்டு போனோம். கேட்டது பாதி. மீதியை நான் இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: செஞ்சிக் கோட்டையின் மேல் மாலைச் சூரியன் [திண்டிவனத்திலிருந்து கோட்டை தெரியாது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: அன்று சாந்திநாதனின் கனவில் ஒரு நாகம் [பல வருடமாகப் பாம்பு வளர்ப்பவனுக்குக் கனவில் பாம்பு வராது.]

மூன்றாவது: சாந்திநாதன் திண்டிவனத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். சமணன். பாம்பு வளர்த்தான்.*

* இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்தால் கதை ஓடும் என்று நினைத்தேன். நின்றுவிட்டது. சமண வீட்டில் உயிர் கொல்வதில்லை. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. பாம்புக்கு இது இரண்டும் தெரியாது.

3

ஏன் பாம்பு? அவன்மேல் எனக்கு இருந்த பெரிய சந்தேகம் இதுதான். அவனையே கேட்டேன்.

"நாள் முச்சூடும் ரேடியோ கத்திக்கினு கெடக்குது. வூட்டுக்கு வந்தா பேசாதது ஒண்ணு வேணும்."

அப்போது அவனிடம் இருந்தது சாரை. பழைய ரேடியோகிராம் பெட்டிக்குக் கண்ணாடி போட்டு அதில் வைத்திருந்தான். வாரம் ஒருமுறை பையில் போட்டு விழுப்புரம் கொண்டுபோவான். அங்கே கோட்டக்குப்பத்து முகம்மது கவுஸ் அரிசி மண்டி வைத்திருந்தார். பழைய சிநேகிதர்; சமணர்களை அழைக்கும் வழக்கப்படி இவனை நயினாரே என்பார். சாரையைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்துவார். சாந்திநாதன் தெருவில், மண்டிக்கு முதுகு காட்டி நின்று, கோலி சோடா குடிப்பான். எலியை யாரும் கொடுக்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. மற்றது பாம்பின் பாடு, எலியின் பாடு.

அவன் மனைவி ராஜமதி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். சாரை பகலில் தின்கிற ஜாதி என்பதில் அவளுக்குத் திருப்தி.

ஒருநாள் விக்கிரவாண்டியில் பையின் முடிச்சு அவிழ்ந்தது. பேருந்து காலியானது. டிரைவரும் இறங்கிவிட்டார். சாரை கடைசியாக, அவசரமில்லாமல் இறங்கிக் கரும்புக்குள் போனது. [கூட்டத்தின் கூச்சல் இங்கே இரண்டு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் நீங்களே கத்திக்கொள்ளலாம்.]

பெட்டி காலி.

"இன்னொண்ணு கொண்டாருவீங்க, தெரியும்," என்றாள் ராஜமதி. "கொண்டாங்க. ஆனா இந்த வூட்ல உயிர் போவக் கூடாது. வெளக்கு வெச்சப்பறம் அதுக்கும் சாப்பாடு கெடையாது. இதுவும் பேஜாரா போச்சின்னா, பொட்டில மல்லாட்டைய கொட்டிடுவேன். அத்தோட பாம்பு கீம்புன்னு வாயத் தொறக்கக் கூடாது."

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையாக ஏற்கெனவே கூடத்தில் வந்து நின்றிருந்தது.

4

எந்தப் பாம்பு? அவனுக்கும் எனக்கும் ஒரே கேள்வி.

நான் நல்ல பாம்பு என்றேன். கதைக்கு எடுப்பாக இருக்கும். அவன் மறுத்தான். தெரிந்தவன் விஷமுள்ளதை வீட்டில் வைக்க மாட்டான். பச்சைப் பாம்பு அழகு, ஆனால் ஓணான் கேட்கும், செடி கேட்கும். தண்ணீர்ப் பாம்புக்குத் தவளையும் வேண்டும், கோபமும் வரும். கொம்பேறி மூக்கன்? கடித்துவிட்டு மரமேறி, கடிபட்டவன் பிணம் எரியும் புகையைப் பார்க்கும் என்பார்கள். பொய். ஆனால் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி அதை நம்பினாள். அவள் வீட்டில் ஒரு முருங்கை மரம் வேறு இருந்தது. முட்டை மட்டும் தின்னும் பாம்பு ஒன்று உண்டென்று எங்கோ படித்திருந்தான். முட்டையும் ஆகாது.

மிஞ்சியது மண்ணுளி. குட்டை, தடி, சாது. தலையைப் போலவே வாலும் மழுங்கி இருக்கும். இருதலை மணியன் என்றும் சொல்வார்கள். அடிக்கடி பசிக்காது. பையில் போட்டால் பையோடு பையாகக் கிடக்கும். ஒரே குறை, இருட்டினால்தான் வாய் திறக்கும்.

"பாய் மண்டி பின்னறை பட்டப்பகல்லயும் இருட்டுதானே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் ஒன்று கிடைத்தது. வாலைத் தடவிப் பார்த்தான்.

"ஆம்பளை."

வாலைத் தொட்டே ஆண், பெண் சொல்வான் என்று அவனுக்குப் பெயர். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

5

மண்ணுளி தின்னவில்லை. பின்னறையில் எலி அதன் மேலேறி நடந்தது. எட்டிப் பார்த்தவர் கவுஸ். அடுத்த வாரமும் தின்னவில்லை. அடுத்த மாதமும் இல்லை.

சாந்திநாதன் நோய் என்று பயந்தான். ராஜமதிக்கு வேறு தோன்றியது.

"பகல்ல குடுத்தா வேணாங்குது. ராத்திரில நாம குடுக்கறதில்ல, அதுவும் கேக்கறதில்ல. இன்னா அர்த்தம்? உபவாசம் இருக்குது."

"பாம்பா?"

"ஏன், பார்சுவநாதருக்குக் கொடை புடிச்சது இன்னாவாம்?"

அந்தத் தீர்த்தங்கரருக்குத் தலைமேல் படம் விரித்துக் குடை பிடித்தது நாகம். வீட்டுக் குடிதண்ணீர் வடிகட்டுகிற துணியிலேயே வடிகட்டி, ராஜமதி மண்ணுளிக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாம்பைப் பார்க்க அவள் யாரையாவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிருஷ்ணவேணி வாசற்படியைத் தாண்டவில்லை.

"நக்கினா வெண்குஷ்டம் வரும்மா."

"நக்காது. உபவாசம்."

"சாப்டாமயா இப்டி ஊதிக்கினு கெடக்குது? என் பெரியவன் வயித்துல இருந்தப்ப நானும்தான் சோத்தக் கண்டா ஓடுவேன். என்னை யாரும் சாமியாருன்னு சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வரி மண்டியில் நடக்கிறது. அது ரம்ஜான் மாதம்.* கவுஸ் பாம்பைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"நோம்பு வெச்சிக்கினு குண்டாவறவன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன், நயினாரே."

"வெளையாடாதீங்க பாய். இதுவும் போச்சின்னா எனக்கு அப்பறம் பாம்பே கெடையாது."

"பொழுது சாஞ்சா உங்க வூட்டம்மா வாய மூடுவாங்க. பொழுது சாஞ்சா நான் தொறப்பேன். இது ரெண்டுலயும் சேரலியே. எந்த மதம்னு கேட்டீங்களா?"

* எண்பத்தைந்தில் ரம்ஜான் கோடையில் வந்தது. கதைக்காக நான் வைத்ததில்லை. பிறை வைத்தது.

6

ஒரு ஞாயிறு காலை, தண்ணீர் மாற்ற ராஜமதி பெட்டியைத் திறந்தாள்.

"இன்னாங்க. ஆம்பளைன்னீங்களே?"

சாந்திநாதன் வந்து பார்த்தான். பென்சில் தடிமனில் குட்டிகள். ஒன்று, பழைய ஸ்பீக்கர் ஓட்டையில் தலையை நீட்டி அவனைப் பார்த்தது. இன்னொன்று அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

மண்ணுளி முட்டையிடாது, குட்டி போடும். சினையாக இருந்தால் இரை எடுக்காது. எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆண் என்று முடிவு செய்துவிட்டதால் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மற்றப் பாம்பின் வால் பழகிய கையால், வாலும் தலையும் ஒன்றாக இருக்கும் பாம்பைத் தடவியிருக்கிறான்.

"இதுங்க இன்னா துன்னும்?"

"பல்லி. சின்ன ஓணான்."

"எப்போ?"

அவன் தரையைப் பார்த்தான். "ராத்திரி."

ராஜமதி எழுந்து கூடத்துக்குப் போனாள். மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது.

7

இங்கே சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் மல்லாட்டையைப் பெட்டியில் கொட்டினாள். அவன் அதை உரித்துத் தின்றபடி ரேடியோ கேட்டான். [ரொம்பச் சரியாக இருக்கிறது. வேண்டாம்.]

கவுஸ் எல்லாவற்றையும் மண்டிக்கு எடுத்துக்கொண்டார். [மண்டி எலி ஒன்றே போதும், குட்டிகளை முடித்துவிடும்.]

சாந்திநாதனின் கண்கள் [இல்லை.]

முன் இருக்கைக்காரர் எனக்குச் சொன்னது இது. ராஜமதி மல்லாட்டையைக் கூடத்துத் தரையிலேயே கொட்டினாள். காலிச் சாக்கோடு உள்ளே வந்தாள்.

"புடிச்சிப் போடுங்க. ஒண்ணு வுடக் கூடாது. எந்தக் கொல்லைல எடுத்தீங்களோ அங்கயே வுட்டுட்டு வாங்க. புள்ள பெத்தவ பட்டினியா கெடக்குறா. ஜல்தி."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். கடைசிக் குட்டி அவன் விரலைச் சுற்றிக்கொண்டது. அதையும் போட்டான். சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"பொட்டி?"

ராஜமதி தரையில் பரவிக் கிடந்த மல்லாட்டையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வடிகட்டிய தண்ணீர்க் கிண்ணம் இன்னும் அதற்குள் இருந்தது.

"அடுத்தத நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஆம்பளை பொம்பளையே தெரியல."

8

பேருந்துக்குத் திரும்புகிறேன்.

முன் இருக்கையில் இருந்தவர் என்று எழுதினேன். ஆண் என்று எடுத்துக்கொண்டீர்களா? சாந்திநாதன் உங்களுக்குத் துணை. அது பெண்கள் பக்கம். எனக்கு அங்கே இடம் கிடைத்ததும் அதனால்தான்.

பை ராஜமதி மடியில் இருந்தது. முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தார். உள்ளே என்ன பாம்பு என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க பாப்போம். வூட்ல உயிர் போவக் கூடாது. ஆறு மணிக்குள்ள சாப்ட்டுடணும்."

நான் யோசித்து முடிப்பதற்குள் விழுப்புரம் வந்துவிட்டது. அவர் இறங்கி அரிசி மண்டிப் பக்கம் நடந்தார். அங்கே தெருவில் நின்று, முதுகு காட்டி, சோடா குடிப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. உங்களுக்கு எல்லாப் பாம்பையும் சொல்லிவிட்டேன், எல்லா நிபந்தனையையும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். பை இப்போது உங்கள் மடியில்.