ஒரு ‘ர்’ குறைந்த சொல்

கிடங்கில் பதினோரு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குத் திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். மேலே தன் பெயரும் கீழே தன் லைசென்ஸ் எண்ணும் மட்டும்தான் அவருக்குப் புரிந்தன. நடுவில் தடித்த எழுத்தில் ‘வயலேஷன்’ என்று ஒரு சொல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பதவி உயர்வாக இருக்கும் என்று அவர் மனைவி சந்தோஷப்பட்டாள்.

மேற்பார்வையாளர்தான் அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினார். வயலேஷன் என்றால் விதிமீறலாம். வியாழக்கிழமை விசாரணையாம். உறுதியானால் லைசென்ஸ் பறிபோகும், அப்புறம் கைவண்டி தள்ள வேண்டியதுதான்.

ஓட்டுநருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போன வாரம் வண்டியைத் திருப்பும்போது இரும்பு அடுக்கின் காலில் இடித்தது உண்மை. அதை அவரே போய்ச் சொன்னார். படிவம் மலாயில் இருந்ததால் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மச்சினனை நிரப்பச் சொன்னார். மலாய் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொள்கிறவன் அவன்.

மச்சினனை டீ மெஷின் பக்கத்தில் பிடித்தார். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, ‘பெலங்காரான்’ என்றான். யாரோ பலசாலியைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தார் இவர். சொல்லி முடித்த மாத்திரத்தில் மச்சினன் முகம் வெளுத்துப்போனது.

“ஒரு ‘ர்’ விட்டுப்போச்சு மாமா. பெர்லங்காரான்னு எழுதியிருக்கணும். ‘ர்’ இருந்தா மோதல். இல்லேன்னா விதிமீறல்.”

மேலிடத்தில் யாரோ அதை ஒழுங்காக, பிசகாமல் ஆங்கிலமாக்கிவிட்டார்கள். இவன் தப்பாக எழுதினதும் அவர்கள் சரியாகப் படித்ததும் சேர்ந்து இவர் தலையில் விடிந்திருந்தது.

“பதினோரு வருஷச் சோத்துல மண்ணள்ளிப் போட உனக்கு ஒரு எழுத்து போதுமாடா?”

வீட்டில் மனைவி தம்பி பக்கம் பேசினாள். அவன் வேண்டுமென்றா செய்தான் என்றாள். எழுதின கையைத் திட்டுவதா, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களைப் பெற்றெடுத்த பாஷையைத் திட்டுவதா என்று தெரியாமல், இவர் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து இரண்டையும் திட்டினார்.

வியாழக்கிழமை பாதுகாப்பு அதிகாரியின் முன்னால் மச்சினன் தலைகுனிந்து தன் பிழையை ஒப்புக்கொண்டான். அதிகாரி நல்ல மனுஷர். சிரித்துவிட்டார். திருத்திக் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவைத் திறந்தார். விதிப்படி படிவத்தை ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். அவர் வாசிக்க வாசிக்க மச்சினன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சேதம்: அடுக்கின் கால் ஒன்று வளைந்தது, அட்டைப்பெட்டி நான்கு, முக்காலி ஒன்று.

முக்காலி. லேபிள் ஒட்டுகிற அக்கா நாள் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருப்பார். வண்டி இடித்த நேரம் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். மூன்று நாளாக எழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஓட்டுநருக்கு அந்த முக்காலி ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போது நசுங்கிய அதன் பலகை கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்த பிறகுதான் திரும்ப வேண்டும். சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவர் நிறுத்துவதில்லை. யாருமே நிறுத்துவதில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பதினோரு வருஷத்தில் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“தப்பு எழுத்துல மட்டும்தானான்னு கேக்கறாரு மாமா. ஆமான்னு சொல்லுங்க, முடிஞ்சுது.”

ஓட்டுநர் மச்சினன் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“அந்த ‘ர்’ வேண்டாம்னு சொல்லு.”

“என்ன மாமா உளர்றீங்க?”

“நான் அங்க நிறுத்தல. ஹாரனும் அடிக்கல. அந்த அக்கா மட்டும் எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா...”

தண்ணீர் பட்ட பாடாக இருந்த மலாய் மச்சினனுக்கு உடனே வாயில் வரவில்லை. அதிகாரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மச்சினன் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தான்.

அதிகாரி எதையும் திருத்தாமல் பேனாவை மூடினார்.