அம்மா முகராத ஊசி

1

இந்தக் கதை ஒரு வெள்ளைச் சட்டைக் காலரில் விழுந்த எண்ணெய்க் கறையிலிருந்து வந்தது. கறைக்குக் காரணம் நான்.

முதல் வரியாக வேறொன்று வைத்திருந்தேன்: ‘அம்மாவுக்குச் சர்க்கரை நோய்.’ அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குச் சொல்லும் பொய்யை நோட்டுக்கும் சொல்வானேன்? அம்மாவுக்கு எச்.ஐ.வி. பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள், தையல் மிஷின் மிதிக்கிறாள், குழாயடியில் யாரிடமும் தோற்றதில்லை.

2

கிருமி மாத்திரைக்கு அடங்கிவிட்டது. ஆனாலும் உடம்புக்குள் ஓர் அழற்சி தணியாமல் இருக்கும், நாளாக ஆக இதயத்தைக் கெடுக்கலாம் என்றார் டாக்டர். (‘சண்டை முடிந்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பவரைப் போல’ என்று எழுதி அடித்துவிட்டேன். அது அம்மாவையே சொன்னதுபோல் ஆகிவிடும்.)

மீன் எண்ணெய் அதைக் குறைக்குமா என்று பார்க்க ஆறு மாத ஆய்வு. வழக்கமான மாத்திரையோடு, எண்ணெய் அடைத்த மாத்திரை ஒன்றையும் விழுங்க வேண்டும். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய். மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல் வேறு எண்ணெய். யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது; தெரிந்தால் ஆய்வு கெட்டுவிடுமாம்.

இரண்டாம் மாதமே அம்மா, “மூட்டெல்லாம் லேசாயிடுச்சுடி. படி ஏறினா மூச்சு வாங்கல,” என்றாள். அவளுக்குக் கிடைத்தது வேறு எண்ணெயாக இருந்தால்?

3

இந்த இடத்தில் என்னை நல்லவளாக்க இரண்டு முறை முயன்றேன். ‘மாத்திரை கைதவறி விழுந்து...’ இல்லை. ‘பூனை வந்து...’ எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அந்த எண்ணெய் மாத்திரை ஒன்றை அம்மாவின் தையல் ஊசியால் நான்தான் குத்தினேன். முகர்ந்தேன். அது

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

ஊசியைத் துடைக்க மறந்தேன். மறுநாள் அம்மா தைத்த காலரில் கறை.

“என்னடி இது?”

குத்தியதைச் சொன்னேன். அம்மா வாசனை ஏறாதபடி மூச்சை அடக்கிக்கொண்டு, ஊசியைக் கைக்கு எட்டிய தூரம் தள்ளிப் பிடித்து, சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

“வாயைத் தொறந்தே, தைச்சுடுவேன்!”

“உனக்குத் தெரிஞ்சுக்க வேணாமாம்மா?”

“நான் தினம் முழுங்குறேனே, அந்த மாத்திரைய எனக்கு முன்னாடி யாரோ இப்படித்தான் என்ன ஏதுன்னு தெரியாம முழுங்கிப் பாத்திருக்காங்க. மருந்தில்லாத வெறும் மாத்திரை கிடைச்சவங்களும் அதுல இருந்திருப்பாங்கல்ல? இப்ப என் முறை. நடுவுல புகுந்து கெடுத்துடாதே.”

4

ஆய்விலிருந்து அம்மாவை நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தோடு அவளுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் மாத்திரைகளை எண்ணினார்.

“ஒண்ணு குறையுதே?”

“நான் குத்திட்டேன்க்கா. மோந்தும் பாத்தேன். அது...”

“ஐயோ, சொல்லிடாதே தாயி!” நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “எனக்கும் தெரியக் கூடாது!” பிறகு அம்மாவிடம், “உங்களுக்கு?”

“சத்தியமா தெரியாது.”

நர்ஸ் டாக்டரிடம் போனில் பேசினார். அம்மா புடவை முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஓடியது.

“நடந்ததை அப்படியே எழுதியாச்சு. நீங்க தொடரலாம்.” புதிய புட்டி மேசைமேல் வந்தது. “ஏம்மா, இன்னும் நாலு மாசம் இவ வாயை மூடிட்டு இருப்பாளா?”

“பேசவே மாட்டேன்க்கா.”

“அது தெரியும். உன் குரலையே இன்னைக்குத்தான் கேக்குறேன்.”

அம்மா சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

5

முடிவுக்கு முன் ஒரு நன்றி எழுத வேண்டும். முகவரிதான் தெரியவில்லை. வெறும் மாத்திரை கிடைத்தும் கடைசிவரை விழுங்கியவர்களே, உங்களால்தான் என் வீட்டில் ஒருத்தி இன்னும் என்னை அதட்டி எழுப்புகிறாள்.

இனி முடிவு. வாசிப்பவரே, அது என்னிடம் இருக்கிறது, தர முடியாது. ஒளித்து வைக்கும் இந்த நோட்டின் ஓரத்தில் நேற்று நீலப் பொடி பார்த்தேன். அம்மா துணியில் கோடு போடும் சாக்பீஸ். ஆகவே கீழே இரண்டு வரி காலியாக விடுகிறேன். மீன் எண்ணெயோ வேறு எண்ணெயோ, உங்களுக்குத் தோன்றுவதைப் பென்சிலால் லேசாக எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா, நீ பயப்படாமல் படி. நான் எங்கேயும் எழுதவில்லை.